இல்ஸேயின் திருமணத்துக்கு மணிக்கூண்டைத் திறந்துவிடக் கோரி

அனுப்புநர்:
மேவிஸ் தோர்ப்,
மணியடிப்போர் அணித் தலைவி (பள்ளிச் சமையலராக இருந்து ஓய்வு பெற்றவர்),
வாய்க்கால்கரைத் தெரு, சால்ட்டர்பி, லிங்கன்ஷயர்.

பெறுநர்:
திரு. டென்னிஸ் ஹேவர் அவர்கள்,
நகர்மன்றச் செயலர், சால்ட்டர்பி.

பொருள்: பொது வாக்கெடுப்பு முடிவு வெளியானதற்கு மறுநாள் முதல் பூட்டப்பட்டிருக்கும் நகர மணிக்கூண்டை, வரும் 23ஆம் தேதி சனிக்கிழமை நடைபெறவுள்ள செல்வி இல்ஸே அவர்களின் திருமணத்துக்குத் திறந்துவிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நம் ஊர் மணிக்கூண்டில் ஆறு மணிகள், எங்கள் அணியில் ஆறு பேர். நான், என் கணவர் டெரிக், இறைச்சிக்கடை நைஜல், தபால் நிலைய வினிஃப்ரெட், ஆசிரியராக இருந்த கிரஹாம், காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை பார்க்கும் இல்ஸே. இல்ஸே லாட்வியாவிலிருந்து வந்து பத்து ஆண்டுகளாக இங்கே இருப்பவள். இரண்டாம் மணி அவளுடையது. அவளுக்கு முன் அந்தக் கயிற்றைப் பிடித்தவர் யார் என்பதை நான் சொல்லித் தாங்கள் அறிய வேண்டியதில்லை.

2. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று நானும் நைஜலும் வினிஃப்ரெட்டும் வாக்களித்தோம். இருக்க வேண்டும் என்று டெரிக்கும் கிரஹாமும் வாக்களித்தார்கள். இல்ஸேக்கு வாக்கு இல்லை. என் வாக்கு குறித்து எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. அதற்காக இந்த மனுவில் யாரிடமும் விளக்கம் சொல்லப் போவதுமில்லை. ஆனால் முடிவு வந்த காலையில் என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றோம். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெண்ணெயைக்கூட அவர் எழுந்து வந்துதான் எடுத்துக்கொண்டார். அன்று நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே மூலகாரணம்.

3. என் கணவர் விடியற்காலையிலேயே தொலைக்காட்சியில் முடிவைப் பார்த்துவிட்டு, மணிக்கூண்டுக்குப் போய், ஆறு மணிகளின் நாக்குகளிலும் ஒரு பக்கம் தோலுறை கட்டிவிட்டு வந்திருக்கிறார். துக்கத்துக்கு அடிக்கும்போது நாங்கள் செய்வது அது. ஒரு அடி கணீரென்று விழும், மறு அடி மங்கிப்போய் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் விழும். மதியம் கிரஹாமோடு சேர்ந்து நாட்டுக்காகத் துக்க மணி அடிப்பதாக அவருக்கு எண்ணம். இது எனக்குத் தெரியாது. வெற்றியைக் கொண்டாட ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் மணி அடிக்கப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போனார், நான் கிளம்பிவிட்டேன்.

4. கயிறு இழுக்கும் அறைக்கு மேல் தடித்த பலகைத் தளம் போட்டதிலிருந்து மணியோசை எங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை என்று மன்றத்துக்கு முன்பே எழுதியிருக்கிறேன். அன்று சந்தோஷத்தில் நாங்கள் காது கொடுத்துக் கேட்கவும் இல்லை. கீழே ஊருக்குக் கேட்டதோ துக்க மணி. மகாராணியார் காலமாகிவிட்டார் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. ரொட்டிக் கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்தார்கள். நகர்மன்றக் கொடியும் அரைக்கம்பத்துக்கு இறங்கியது. தாங்கள் கறுப்பு டை கட்டிக்கொண்டு மன்றத்தின் படியில் வந்து தலைகுனிந்து நின்றீர்கள். ஐயா, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துக்க மணி கேட்டால் மரியாதை செய்யத் தெரிந்த ஊர் இது. ஆனால் மறுநாளே பூட்டு விழுந்ததற்கு அந்தக் கறுப்பு டையும் ஒரு காரணமோ என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நான் பேசவில்லை.

5. கதவைத் தட்டிய தட்டில் நாங்கள் வெளியே வந்து பார்த்தால், சந்தையில் பாதி ஊர் நிற்கிறது. என் கணவரும் தலை ஈரம் காயாமல் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் நானும் நடுச்சந்தையில் போட்ட சண்டையை ஊர் பார்த்தது. அதை இங்கே மறுபடி எழுதுவானேன். நைஜலும் கிரஹாமும் சட்டையைப் பிடித்துக்கொண்டதும் உண்மைதான். யாருக்கும் அடிபடவில்லை.

அடிபட்டது வேறொருவருக்கு. துக்க மணி கேட்டால் அணியைச் சேர்ந்தவர் எங்கே இருந்தாலும் வந்து சேர வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. இல்ஸே கொட்டகையில் வேலையைப் போட்டுவிட்டு, தலையில் போட்டிருந்த நீல வலையைக்கூடக் கழற்றாமல், மூச்சிரைக்க ஓடி வந்தாள். "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் சொன்னது: "யாரும் சாகலம்மா. நீ மூட்டை கட்டணும், அவ்வளவுதான்." பலர் சிரித்தார்கள். சொன்னவர் பெயரையும் சிரித்தவர்கள் பெயர்களையும் நான் எழுதப் போவதில்லை. அவர்களில் பாதிப் பேர் பள்ளியில் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். விளையாட்டுக்குச் சொன்னோம் என்பார்கள். இருக்கலாம். அவள் சிரிக்கவில்லை. தலைவலையைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்துவிட்டாள்.

6. பொது அமைதி கருதி மறு உத்தரவு வரும்வரை மணிக்கூண்டு பூட்டப்படுகிறது என்று தங்கள் அறிவிப்பு சொல்கிறது. ஊர் அமைதியாகத்தான் இருக்கிறது, ஐயா. யாரும் யாரோடும் பேசாததற்கு அமைதி என்று பெயரானால், இதைவிட அமைதியான ஊர் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. மதுக்கடையில் இரண்டு மூலை உண்டாகிவிட்டது. என் சொந்தத் தங்கை தெருவின் எதிர்ப்பக்கமாகப் போகிறாள்.

7. இல்ஸேக்கும் டிராக்டர் பழுதுபார்க்கும் ட்ரெவருக்கும் வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நம் தேவாலயத்தில் திருமணம். எங்கள் அணியில் யார் மணமுடித்தாலும் மற்றவர்கள் சேர்ந்து மணி அடித்து வழியனுப்புவது வழக்கம். தங்கள் திருமணத்துக்கும் அடித்தோம். அன்று கொட்டிய மழையில் கோபுரத்தில் தண்ணீர் ஒழுக ஒழுக அடித்தோம். இப்போது இல்ஸேயின் தாயார் ரீகாவிலிருந்து தினமும் தொலைபேசியில் அழைத்து, இங்கே வந்துவிடு, கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், ட்ரெவருக்கும் வேலை கிடைக்கும் என்கிறாராம். சென்ற செவ்வாயன்று அவள் வீட்டுக்கு நானே போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தாள். நான் வெளியேறச் சொல்லி வாக்களித்தது எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் ஒரு மன்றத்தை விட்டு, உன்னை விட்டு அல்ல என்று சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"தெரியும் மேவிஸ் அக்கா. நீங்க வாயால சொல்றீங்க, நான் நம்புறேன். ஆனா ஊர் வாயால சொல்லாது. கல்யாணத்தன்னிக்கு மணி அடிச்சா இருங்கறீங்கன்னு அர்த்தம். கூண்டு பூட்டியே கெடந்தா, அதுவும் ஒரு பதில்தானே?"

அதனால்தான் இந்த மனு.

8. கடந்த ஞாயிறன்று இல்ஸே தவிர மற்ற ஐவரும் என் சமையலறையில் கூடினோம். முதலில் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். வாக்கெடுப்பு பற்றி ஒரு முடிவுக்கும் வரவில்லை, வரவும் மாட்டோம். கிரஹாம் இன்னமும் நைஜலை மடையன் என்கிறார்; நைஜல் அவருக்கு ஈரல் எடுத்து வைப்பதை நிறுத்தியது நிறுத்தியதுதான். ஆனால் மணி அடிப்பதில் ஒரே மனதாக இருக்கிறோம். அடுத்தவர் கையைப் பார்க்காமல் கயிறு இழுக்க முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. அந்த நேரமாவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் ஆக வேண்டும். வெண்ணெய்க் கிண்ணத்தை நேற்று டெரிக் பக்கம் நானே நகர்த்தி வைத்தேன் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

9. மறுபடி குழப்பம் நேருமோ என்ற அச்சம் தங்களுக்கு வேண்டாம். ஆறு தோலுறைகளையும் பூட்டு விழுவதற்கு முன், அன்று மாலையே டெரிக் தம் கையாலேயே அவிழ்த்து, எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொடுத்திருக்கிறார். அவற்றை இந்த மனுவோடு இணைத்துள்ளோம். தங்கள் மேசை இழுப்பறையிலேயே இருக்கட்டும். உண்மையாகவே யாராவது இறந்தால் கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

10. ஆகவே, திருமணத்தன்று காலை பத்து மணிக்கு மணிக்கூண்டைத் திறந்துவிட ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். சாவியை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். மணப்பெண் தேவாலயத்தில் நிற்கும்போது தன் கயிற்றைத் தானே இழுக்க முடியாது. இரண்டாம் மணிக்கு ஆள் இல்லை. அந்தக் கயிற்றைத் தாங்கள் விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம், கை மறந்திருக்காது. எந்தப் பக்கம் வாக்களித்தீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்க மாட்டோம். சாவியோடு தாங்களே வாருங்கள்.

இடம்: சால்ட்டர்பி
நாள்: 11 ஜூலை 2016

தங்கள் வருகையை எதிர்நோக்கி,

மேவிஸ் தோர்ப் — ஆறாம் மணி
டெரிக் தோர்ப் — ஐந்தாம் மணி
கிரஹாம் லீக் — நான்காம் மணி
நைஜல் ஃபிரிஸ்பி — மூன்றாம் மணி
.............................. — இரண்டாம் மணி
வினிஃப்ரெட் டோட் — முதல் மணி