ஏழாவது போல்ட்

பாலக்கோடு
மாசி 3, ஞாயிறு

அன்பு மகள் சுசித்ராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் இருக்கிறோம், சௌக்கியம் என்று எழுதத்தான் பேனா ஓடவில்லை. அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்கு ஒரு வாய் சாப்பிட்டு உடம்போடு இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். என் போனை நீ எடுப்பதில்லை, அதில் தப்பில்லை. எடுத்தாலும் இதை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் பில்லைத் தவிர எதுவும் எழுதியதில்லை, எழுத்து கோணலாக இருந்தாலும் கடைசி வரை படித்துவிடு கண்ணு, நடுவில் மடித்து வைத்துவிடாதே.

தம்பியின் கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் தேடுவாய். தொடையிலிருந்து எடுத்து ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போனது போனதுதான். நடுவிரல் மடங்கவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு டம்ளரைப் பிடிக்கும், ஸ்பேனரைப் பிடிக்காது. வாரம் மூன்று நாள் தர்மபுரிக்கு பஸ் ஏறிப் போய்க் கைக்குப் பயிற்சி செய்துவிட்டு வருகிறான். கூட வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறான். சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். முப்பது வயதுப் பிள்ளை, கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

போன வாரம் உன்னோடு தங்கியிருக்கும் அந்தப் பெண் கோகிலவாணி அம்மாவுக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாளாம், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ இன்ஜின் டியூனிங் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஏதோ பேப்பர் பார்க்கிற பிரிவுக்கு மாறிவிட்டாய் என்றாள். நம் படகு கடைசியாக ஓடிய நாளின் கணக்குகளைச் சுவர் முழுக்க ஒட்டிவைத்துக்கொண்டு, வேலை விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்து எந்த எண்ணில் தப்பு, எந்த எண்ணில் தப்பு என்று தேடுகிறாயாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டேன். எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். அந்தச் சுவரில் நீ என்ன தேடினாலும் கிடைக்காது சுசித்ரா. தப்பு அங்கே இல்லை. உன் கணக்கு எல்லாம் சரி. அந்த இன்ஜினை உடைத்தது நான். தம்பி கையை எரித்ததும் நான். உன்மேல் பழியைப் போட்டதும் நான்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். போன வருஷத்துக்கு முந்தின ஆடியில் நீ லீவில் வந்திருந்தபோதுதானே எல்லாம் ஆரம்பித்தது. பென்னாகரத்தில் ஃபைபர் படகு செய்கிற அறிவழகன் வந்து, கடல் படகுப் பந்தயத்துக்கு ஒரு படகு செய்திருக்கிறேன், அதற்கு ஏற்ற இன்ஜின் வெளியிலிருந்து வாங்க நமக்குக் கட்டாது, நீங்கள் கட்டித் தருவீர்களா என்று கேட்டான். டிராக்டரும் தக்காளி வேனும் பார்க்கிறவனிடம் பந்தய இன்ஜின் கேட்கிறானே என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடிபட்ட காரிலிருந்து கழற்றிய அந்த டர்போ இன்ஜினை ஓசூரில் போய் நீதான் தேர்ந்தெடுத்தாய். காரில் இன்ஜின் ஒரு நிமிஷம் முழு வேகத்தில் போனால் அடுத்த நிமிஷம் மூச்சு விடும், படகில் அப்படியில்லை, தண்ணீர் விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் உள்ளே ஒவ்வொரு சாமானும் இரண்டு மடங்கு தாங்க வேண்டும் என்று நீ தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாய். நீ ஊருக்குப் போன பிறகு ஒரு வருஷம் நாம் மூன்று பேரும் அந்த இன்ஜினோடுதான் குடித்தனம் செய்தோம். நான் கட்டுவேன், தம்பி ஓட்டிப் பார்ப்பான், நீ அங்கிருந்து லேப்டாப்பில் பெட்ரோல் அளவும் தீப்பொறி நேரமும் மாற்றி மேப் என்று அனுப்புவாய். தக்காளி கழுவுகிற தொட்டியை வாங்கி வந்து அதில் குழாய் விட்டு இன்ஜினைக் குளிர வைத்தோம். முதல் தடவை அது ஆறாயிரம் சுற்றைத் தாண்டிச் சத்தம் போட்டபோது மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அம்மா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, நல்லாத்தான் கத்துது என்றாள். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை, அதை ஒளிக்க மாட்டேன்.

புரட்டாசியில் உள்ளே எல்லாவற்றையும் பிரித்துக் கடைசித் தடவையாகக் கட்டினேன். பிஸ்டன் ராடுகளைக் கிராங்கோடு கட்டிப் பிடிக்கிற போல்ட் எட்டும் புதிதாக நீ அனுப்பியிருந்தாய், ராடுக்கு இரண்டு. கூடவே துண்டுச் சீட்டில், கை உணர்வை நம்பாதீர்கள் அப்பா, ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிய பிறகு நீளம் அளந்து பாருங்கள், நான் எழுதியதைவிட ஒரு முடி அதிகம் நீண்டிருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், அது செத்த போல்ட் என்று எழுதியிருந்தாய். ஆறு போல்ட்டை நீ சொன்னபடிதான் செய்தேன். ஏழாவது போல்ட்டுக்கு வரும்போது எனக்குக் கர்வம் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷமாக முடுக்குகிற கைக்கு அளவு தெரியாதா என்று ஸ்பேனரில் இருக்கிற டயலைப் பார்க்காமல் இழுத்தேன். இழுக்கும்போதே போல்ட் கைக்குள் மெத்தென்று ஆனது. கழற்றி அளந்தேன். நீண்டிருந்தது.

அப்போதே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். நீ இன்னொன்று அனுப்பியிருப்பாய், வந்து சேர மூன்று வாரம் ஆகியிருக்கும், பந்தயத்துக்குப் பதியும் தேதி தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். தேதிக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று மூன்று மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அதுவும் பொய். உன்னிடம் கை தப்பிவிட்டது என்று சொல்ல எனக்கு வெட்கம். நீ படித்தவள், நான் கைவேலைக்காரன், அந்தக் கையும் தப்பினால் உன் முன்னால் எனக்கு என்ன மிச்சம் என்று நினைத்தேன். காரிலிருந்து கழற்றிய பழைய போல்ட்டுகள் மண்ணெண்ணெய் டப்பாவில் கிடந்தன. பார்க்க நன்றாக இருந்த ஒன்றை எடுத்துத் துடைத்துப் போட்டு மூடிவிட்டேன். தம்பி டீ குடிக்கப் போயிருந்தான்.

அதற்குப் பிறகு இன்ஜின் பதினொரு மணி நேரம் ஓடியது. ஒவ்வொரு மணி நேரமும் நான் சரிதான், சரிதான் என்று சொல்லிக்கொண்டேன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படகை ஓட்டிப் பார்க்க நாகமரைக்குக் கொண்டுபோனோம், அணைத் தண்ணீர் கரை தொட்டு நின்றது, தம்பிதான் ஓட்டினான். முந்தின நாள்தான் நீ புது மேப் அனுப்பியிருந்தாய், தீப்பொறியை இரண்டு டிகிரி முன்னால் தள்ளியிருக்கிறேன், இதுவரை வராத வேகம் வரும் என்று சொல்லியிருந்தாய். வந்தது. மூன்றாவது ஓட்டத்தில் அறிவழகன் கரையில் நின்று குதித்தான். நான்காவது ஓட்டத்தில் படகு எதிர்க்கரைப் பண்ணவாடிப் பக்கம் திரும்பி நேராக வரும்போது சுத்தியலால் அடித்தது போல ஒரு சத்தம், அதோடு இன்ஜின் நின்றது. ராடு பிளாக்கை உடைத்து வெளியே வந்திருந்தது. கொதிக்கிற ஆயில் டர்போமேல் கொட்டித் தீப்பிடித்தது. தம்பி உடனே குதித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பெட்ரோல் வால்வை மூடினால் இன்ஜினைக் காப்பாற்றிவிடலாம் என்று நெருப்புக்குள் கையை விட்டிருக்கிறான். மீன் பிடிக்கிறவர்கள் பரிசலில் போய்த் தூக்கி வந்தார்கள். கரையில் படுக்க வைத்ததும் அவன் கேட்டது, "இன்ஜின் என்ன ஆச்சுங்கப்பா?" என்றுதான்.

மூன்றாம் நாள் சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் போன் வந்தது. "அப்பா, நான் தள்ளி வெச்ச டைமிங்குதான் காரணமா? மறைக்காம சொல்லுங்க" என்று அழுதாய். பதில் என் வாயில் இருந்தது. பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், அறிவழகன் நின்றிருந்தான். "கொஞ்சம் அதிகமாயிருச்சோ என்னமோம்மா" என்றேன். இந்த ஒரு வரிதான். நீ வைத்துவிட்டாய். போல்ட்டை மாற்றிப் போட்டது என் கர்வம் என்றால், இது என்ன? இதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இன்ஜினைத் தார்ப்பாய் போட்டு மூடி, யாரும் தொடக்கூடாது, தொட்டால் மனசு கேட்காது என்று சொல்லிவைத்தேன். எல்லாரும் நம்பினார்கள். பொங்கல் கழிந்து நான்காம் நாள் நான் மண்டியிலிருந்து திரும்பி வந்தால் தம்பி தரையில் உட்கார்ந்து இடது கையால் இன்ஜின் அடியிலிருக்கிற ஆயில் சம்ப்பைக் கழற்றி வைத்திருக்கிறான். அடியில் கிடந்த உடைந்த போல்ட் துண்டு இரண்டையும் துணிமேல் வைத்திருந்தான். போல்ட் தலையில் இருக்கிற முத்திரை வேறு. அவனுக்குத் தெரியாதா? "அப்பா, இது அக்கா அனுப்புன போல்ட் இல்லீங்களே" என்றான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கத்தவில்லை. "என் கைய நான் உட்டுட்டேனுங்க, அது போவட்டும். அக்கா தலைல எதுக்குங்க வெச்சீங்க?" என்று கேட்டான். நீயே அக்காவிடம் சொல்லிவிடு என்று கெஞ்சினேன். அதற்கு, "நான் சொன்னா உங்களுக்கு சுலுவா போயிரும். நீங்களே சொல்லுங்க" என்றான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே சோறு தின்கிறோம். அப்போதும் நான் எழுதவில்லை பார், கோகிலவாணி போன் வரும் வரைக்கும் மூன்று வாரம் இழுத்தேன்.

அந்தப் போன் வந்த அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் பரவாயில்லை. "எம் மவன் கைக்கு அழுது முடிச்சிட்டேனுங்க. எம் மவளுக்கு என்ன பண்றதுன்னு தெரியலீங்களே" என்று சொல்லிவிட்டுத் துணியை அலசப் போய்விட்டாள். அறிவழகனிடமும் போய்ச் சொன்னேன். அவன் அன்றைய ஓட்டத்தின் பதிவை எல்லாம் திரும்பப் பார்த்தான், உடைகிற அந்த நொடி வரைக்கும் இன்ஜின் உள்ளே எந்தத் தட்டலும் இல்லை, சூடும் ஏறவில்லை, உன் மேப் சுத்தம் என்றான். பிறகு என்னைப் போகச் சொன்னான். போல்ட் துண்டு இரண்டையும் இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். என் பேச்சை நீ நம்ப வேண்டிய அவசியம் இல்லை. உன் ஆபீஸில் அதைப் பெரிதாக்கிப் பார்க்கிற கண்ணாடி இருக்கும், அதில் வைத்துப் பார்.

பட்டறையைப் பூட்டிவிட்டேன். டிராக்டர் கொண்டுவருகிறவர்களை வேறு இடத்துக்கு அனுப்புகிறேன். இந்தக் கையை நம்பி இனி யாருடைய இன்ஜினையும் மூட மாட்டேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரியும், காலம் போனால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. சுவரில் ஒட்டியதைக் கிழித்துப் போடு. பழைய வேலைக்குத் திரும்பப் போ, உன் ஆபீஸ் பெரியவரைப் பார்த்து நடந்ததைச் சொல், என் பேரையே சொல். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. குளிரில் காதைக் கட்டாமல் வெளியே போகாதே, சின்ன வயசிலிருந்தே உனக்குக் காது வலி.

நீ தொட்டதெல்லாம் சரியாக ஓட வேண்டும், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என் வாயால் வாழ்த்தலாமோ கூடாதோ, வாழ்த்துகிறேன். எனக்குப் போன் செய்ய வேண்டாம். தம்பிக்குச் செய். இடது கையால் பைக்குள்ளிருந்து எடுக்க அவனுக்கு நேரம் ஆகிறது, நீண்ட நேரம் மணி அடிக்கும். அவன் எடுக்கிற வரைக்கும் வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
சென்னப்பன்