இரண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்றரை விநாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய முட்டிவலிகூட இந்த வாரம் விடுப்பில் போயிருக்கிறது. நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பக்கத்தில் உன் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதில் பாதி அவளுக்குத் தெரியாத சமாசாரம், மீதிப் பாதியை அவளே சிரித்துச் சிரித்துத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம் தெருதான் உனக்குத் தெரியுமே, நடைபாதை கிடையாது, நடக்கிறவர்கள், சைக்கிள், கார், விளையாடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ஒரே தார் ரோடு. அதில் வண்டிகள் பறக்கின்றன என்று ஆறு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தியது தெருச் சங்கச் செயலாளரான உன் அப்பாதான். கடைசி வீட்டு ஜிம் தம்பிதான் அந்த ஆள் என்று அடித்துச் சொன்னேன், தலைமுடியைப் பார்த்தாலே தெரியவில்லையா என்றுகூடச் சொன்னேன். வாயால் சொன்னால் சண்டைதான் மிஞ்சும், அளந்தே பார்த்துவிடலாம் என்று டிரில் மாஸ்டர் தன் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். மாடி வீட்டுத் தையல் அக்கா நாள் முழுக்க ஜன்னலோரம் மிஷினில் உட்கார்ந்திருப்பதால் பொறுப்பு அவரிடம். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே ஐம்பது மீட்டர், அதை ஆறு விநாடிக்குள் கடக்கிற வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டுகிறவர் ஒரு மாதம் வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வர வேண்டும். பட்டியலை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள், கூட்டத்தில் நானே பிரித்துப் படிக்கிறேன், அதுவரை யாரும் பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்டதும் நான்தான். அவ்வளவு நேர்மை எனக்கு.

போன ஞாயிறு காலை மாஸ்டர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். தொண்டையைச் செருமிக்கொண்டு உறையைப் பிரித்தேன். முதல் வரியில் ஒரு எண், மூன்றரை விநாடி. அடுத்த வரியிலும் அதே எண், அதற்கடுத்ததும் அதே. மொத்தம் ஒன்பது தடவை, எல்லாம் சாயங்காலம் ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது. எனக்கு வந்ததே கோபம், இது யார் வண்டி, மானமிருந்தா எழுந்து நிக்கட்டும் என்று முழங்கினேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து உன் அம்மா, நீங்க ஏற்கெனவே நின்னுட்டுத்தானே இருக்கீங்க, இன்னும் எப்படி நிக்கறது என்றாள். என் வண்டி எண் எனக்கு என்றைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, பார்க்கிங்கில் நீதானே கண்டுபிடித்துக் கொடுப்பாய்! மானம் கப்பலேறிவிட்டது. தையல் அக்கா, நம்பரை மட்டும் எழுதச் சொன்னீங்க, எழுதிட்டேன் என்றார். ஜிம் தம்பி பதினோரு விநாடியாம், தெருவிலேயே அவன்தான் நத்தை. அவனிடம் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், விடுங்க அங்கிள் என்று தோளைத் தட்டினான், தோள் இன்னும் வலிக்கிறது.

இதுவரை அம்மாவுக்குத் தெரிந்த பாதி. எல்லாரும் கலைந்ததும் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வியாழக்கிழமை வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு புள்ளி வைத்திருந்தார். அது என்ன என்று கேட்டேன். அன்னைக்கு என் பொண்ணு வாசல் கேட் ஓரமா குனிஞ்சு செருப்பு வாரை மாட்டிட்டிருந்தா, உங்க வண்டி ஒரு முழம் தள்ளிப் போச்சு, நான் மேலிருந்து கத்தினது உங்களுக்குக் கேக்கலை என்றார். கூட்டத்தில் சொன்னால் எனக்குத் தலைகுனிவு என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். நாலு வயதுக் குழந்தை. முப்பது வருடமாக அடுத்தவர் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டுகிறவன், அந்தக் குழந்தை அங்கே இருந்ததையே பார்க்கவில்லை. அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும், இன்னும் வாய் வரவில்லை.

ஏன் பறந்தேன் என்று உனக்குத் தெரியும். ஏழு மணிக்கு உன் போன் வரும். கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் மணி அடித்துவிட்டால் எல்லாச் செய்தியையும் அம்மா வாங்கிக்கொள்வாள், எனக்குச் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் மட்டும்தான் மிஞ்சும். நேற்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன், நம் தெரு முழுக்க அப்படிப் பறந்து ஒரு தடவைக்கு நான் மிச்சம் பிடித்தது இருபது விநாடி. அதற்காகத்தான் அந்தக் குழந்தையை ஒரு முழத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நீ இதற்காக நேரத்தை மாற்றாதே, அந்த ஊர்க் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் உனக்குக் கிடைக்கிற ஓய்வு அது ஒன்றுதான். நீயும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடாதே, போன மாதம் பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன், அதுவும் என் தப்புதான். நீ நீண்ட ஆயுளோடு, நிம்மதியான தூக்கத்தோடு, நல்ல மனிதர்கள் சூழ இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறக்காதே. அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடாமல் ஏதாவது ஒரு சின்னச் செய்தியை எனக்கென்று தினமும் ஒதுக்கி வை. போன் அடிக்கும்போது நான் வீட்டில் இல்லையென்றால் பதறாதே, தெருமுனையிலிருந்து நடந்து வந்துகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா