ஸஹோத்தில் நின்ற பஸ்

ஹஸ்னியா, உனக்கு என் ஸலாம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம். நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் ஃபிக்ரெத் எழுதுகிறான்.

ஞாயிறன்று உன் அண்ணன் ராமிஸைப் பார்க்க முடியவில்லை. எங்கள் பதினோரு வருடப் பிணக்கை முடிக்க, கடலோரத்தில் உள்ள பிரான் ஊரின் படகுத்துறையில் காத்திருப்பதாக அவரே சொல்லியிருந்தார். இங்கே லியூப்லியானாவிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் சுற்றுலா பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கினேன்.

"ஐயா, பஸ் ஸஹோத்ல நிக்கும், எட்டு மணிக்கு வந்துடுங்க" என்றாள் டிக்கெட் கொடுத்த பெண்.

நம் ஊர்ப் பேச்சில் ஸஹோத் என்றால் கக்கூஸ்தானே? ஏழரைக்கே பஸ் நிலையத்தில் அதன் வாசலில் போய் நின்றேன். இந்த நாட்டு மொழியில் அது மேற்குத் திசையாம்! நிலையத்தின் மேற்குப் பக்கத்திலிருந்து பஸ் போய்விட்டது.

"கக்கூஸுக்குக் காவல் நின்னீங்களா பெரியப்பா?" என்று ஃபிக்ரெத் இன்னும் சிரிக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினோரு வருடத்துக்கு முன் ராமிஸ் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. திசைக்கு ஒரு வார்த்தை தெரியவில்லை.

நான் வேண்டுமென்றே வரவில்லை என்று நினைத்து அவர் போனை எடுப்பதில்லை. நீ பேசு. எனக்குக் கம்பளிக் காலுறை அனுப்பு, நீ பின்னியதாக. வரும் ஞாயிறுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டேன். அவர் வராவிட்டாலும் மாலைவரை துறையில் நிற்பேன் என்று சொல்.

ஃபிக்ரெத்துக்கு வேலைக்கு நேரமாகிறது.

உன் முயோ