கொம்பையாவின் உளுந்தில் நான் விழுந்தது குறித்து

அனுப்புநர்:
சோ. வள்ளிமயில் (வயது 44),
க/பெ. சோலைச்சாமி,
3/47, மேலத் தெரு,
வெம்பூரணி, பசுவந்தனை வழி,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: 24.01.2026 அன்று எங்கள் ஊர்ச் சாலையில் நான் மிதிவண்டியிலிருந்து விழுந்தது – அதன் பேரில் விவசாயி கொம்பையா மீது பதிவான வழக்கைக் கைவிடவும், எடுத்துச் செல்லப்பட்ட அவரது உளுந்தைத் திருப்பித் தரவும் வேண்டுதல் – சார்பாக.

பார்வை: 1. மருத்துவமனையில் 24.01.2026 அன்று நான் கையொப்பமிட்ட வாக்குமூலம். 2. அதை வைத்துப் பதிவான முதல் தகவல் அறிக்கை.

மதிப்புமிக்க ஐயா,

வணக்கம். நான் எங்கள் ஊர் மகளிர் குழுவின் செயலாளர். பன்னிரண்டு வருடமாக மனு எழுதி வருகிறேன். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம் என்று இதுவரை எழுதியதெல்லாம் ஏதாவது ஒன்றைத் தாருங்கள் என்று கேட்டவை. என் பெயரால் நடந்த ஒன்றை எடுத்துவிடுங்கள் என்று எழுதுவது இதுவே முதல் முறை. எழுத்தில் எங்காவது சூடு தெரிந்தால் அது தங்கள் மீதானது அல்ல. பெரும்பகுதி என் மீதே எனக்குள்ள கோபம்.

1. மூன்று வருடத்துக்கு முன் எனக்கு இடது மார்பில் புற்றுநோய் கண்டு, மதுரையில் அறுவை சிகிச்சையும் அதன் பின் எட்டு முறை மருந்து ஏற்றலும் நடந்தன. புகையிலை தொடாதவள், கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவள், எனக்கு ஏன் வந்தது என்று டாக்டர்களிடம் கேட்டேன். அதற்குத்தான் ஆராய்ச்சி நடக்கிறது அம்மா என்றார்கள். நடக்கட்டும், நம்மால் ஆனதைச் செய்வோம் என்று இறங்கியதுதான் இந்த மிதிவண்டி. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக வரும் 15.02.2026 ஞாயிறன்று கோவில்பட்டியில் தொடங்கி, பசுவந்தனை, எப்போதும்வென்றான் வழியாக விளாத்திகுளம் போய்த் திரும்பும் நூறு கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டத்தில் பெயர் கொடுத்திருக்கிறேன். சிகிச்சை முடித்த பெண்கள் எங்களில் ஆறு பேர் ஆவணி மாதத்திலிருந்து பயிற்சி எடுத்து வருகிறோம். கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹாரூன் என்பவர் எங்களுக்குப் பயிற்சியாளர். ஆவணியில் ஊரணிக்கரை ஏற்றத்துக்கே மூச்சு வாங்கியவள், மார்கழியில் அறுபது கிலோமீட்டர் போய்விட்டு வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எதை நம்பி அந்தச் சாலையில் ஏறினேன் என்பது தங்களுக்குத் தெரியவேண்டும்.

2. எங்கள் பக்கம் முழுக்க மானாவாரிக் கரிசல். தை பிறந்தால் உளுந்து, பாசி, மல்லி, கம்பு எல்லாம் ஒன்றாக வீட்டுக்கு வரும். பிடுங்கிய செடியைத் தார்ச்சாலையில் பரப்பி, பேருந்தும் லாரியும் ஏறிப் போனால் நெற்று உடைந்து மணி பிரியும். இது சட்டப்படி சரியா என்றால் சரியில்லை. எல்லோருக்கும் தெரியும். நானும் என் வீட்டுக்காரரும் இருபத்திரண்டு வருடமாகச் செய்திருக்கிறோம். குற்றம் என்றால் முதல் வரிசையில் என்னையும் நிறுத்துங்கள். ஊருக்கென்று ஒரு சிமெண்டுக் களம் இருக்கிறது. அதில் பதினான்கு மாதமாகக் காற்றாலை வேலை எடுத்த ஒரு ஒப்பந்ததாரரின் கேபிள் உருளைகள் கிடக்கின்றன. அதற்கு நான் கொடுத்த மூன்று மனுக்களும் எங்கோ பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

3. கொம்பையா அவர்களுக்கு வயது 61. எங்கள் புஞ்சைக்கு அடுத்த புஞ்சை அவருடையது. எனக்கு உறவு இல்லை, அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். நான் மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்த வருடம், என் வீட்டுக்காரர் என்னோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால் எங்கள் நான்கு ஏக்கரும் விதைத்திருந்தது. யார் விதைத்தது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. விதைப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை வைத்துக் கண்டுபிடித்தேன். அவருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை.

4. இனிச் சொல்வதுதான் வழக்குக்கு முக்கியம். என் மிதிவண்டியின் டயர் விரல் பருமன்தான். செடிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் உளுந்தில் அது ஏறினால் எண்ணெயில் ஏறியதுபோல் வழுக்கும். இது தெரிந்து அண்ணாச்சி தை முதல் வாரத்திலிருந்து நாள்தோறும் விடிவதற்கு முன் வந்து, தன் உளுந்துக்கு நடுவே நான் போவதற்காக ஒரு முழ அகலத்துக்கு விளக்குமாற்றால் கூட்டிப் பாதை விட்டு வந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் என் வாசலைத் தாண்டும்போது, “ஏட்டி, நாளைக்கு எத்தனை மணிக்கு வருத? சொல்லிரு, பாதை விடணும்லா” என்று கேட்டுவிட்டுப் போவார். நான் ஆறு மணி என்பேன். அவர் ஐந்தே முக்காலுக்கு விளக்குமாற்றோடு நிற்பார்.

5. 23.01.2026 வெள்ளி மாலை பயிற்சியாளர் ஹாரூன் கைபேசியில், “அக்கா, நூறு ஓட்டணும்னா எண்பதை ஒரு தடவையாவது பார்த்துரணும். நாளைக்கு வெள்ளனமே கிளம்புங்க” என்றார். சரி என்றேன். அன்று அண்ணாச்சி வாசலைத் தாண்டியபோது நான் கொல்லைப்புறம் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது காதில் விழுந்தது. “வழக்கம்போலத்தான் அண்ணாச்சி” என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டேன். மாவு கையோடு எழுந்து போய் நேரம் மாறியதைச் சொல்ல எனக்குச் சோம்பல். அவ்வளவுதான் ஐயா நடந்த குற்றம். மறுநாள் ஐந்து இருபதுக்கு அந்த இடத்தில் ஏறினேன். பாதை இல்லை. விழுந்தேன்.

6. தாடையில் நான்கு தையல், இடது முழங்கையில் ஏழு. அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை என்பதால் காயம் வீங்கக் கூடாது என்று கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனையில் மூன்று நாள் வைத்துக்கொண்டார்கள். விபத்து என்று பதிவானதால் காவலர் ஒருவர் வந்து எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். “கொம்பையா அண்ணாச்சி உளுந்துகிட்ட” என்றேன். நான் சொன்னது இந்த மூன்று சொற்கள்தான்.

7. தை மாதத்தில் எங்கள் சாலையில் யாரும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து இடம் சொல்வதில்லை என்பதைத் தாங்கள் எங்கள் தடத்தில் ஓடும் எந்தப் பேருந்து நடத்துநரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். “அமுதவள்ளி மல்லி இறங்கு”, “சோலைராஜ் கம்பு ரெண்டு டிக்கெட்” என்று அவர்களே கூவுவார்கள். அதுபோலத்தான் நானும் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டார், இடத்தைச் சொன்னேன். வந்த காவலர் ஆற்றுப்பாசன ஊர்க்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நெல்லைக் களத்தில் அடிக்கிற ஊரில் வளர்ந்தவருக்கு இது தெரிய வழியில்லை. அவர் மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் அவர் எழுதியதில், “கொம்பையா என்பவர் சாலையில் அஜாக்கிரதையாகப் பரப்பியிருந்த உளுந்தால் விழுந்து காயமடைந்தேன், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்” என்று இருக்கிறது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று தாங்கள் கேட்கலாம். பன்னிரண்டு வருடமாக மற்றவர்களுக்கு, படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று புத்தி சொன்னவள் நான். ஊசி மயக்கத்தில் படிக்காமல் போட்டேன்.

8. 26.01.2026 திங்களன்று நான் வீடு திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணாச்சி மீது பொதுவழியில் இடையூறு செய்ததாகவும் கவனக்குறைவால் காயம் ஏற்படுத்தியதாகவும் வழக்கு. பரப்பியிருந்த உளுந்தைச் செடியோடு வாரி டிராக்டரில் ஏற்றி, வழக்குச் சொத்து என்று எங்கள் சரகக் காவல் நிலைய வளாகத்தில் கொட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு சாக்குக்கூட இல்லை. 27ஆம் தேதி வரை நான்கு நாள் அவரை விசாரணைக்கு என்று வரச்சொல்லி, காலையிலிருந்து பொழுது சாயும்வரை வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருக்கிறார்கள். 28ஆம் தேதி நான் நிலையத்துக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். நீங்கள் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோம், இனி கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கோர்ட்டு தேதி கொடுக்கும்வரை உளுந்து பொறுக்காது ஐயா. ஒரு மழை விழுந்தால் நெற்றுக்குள்ளேயே முளைத்துவிடும். இரண்டு நாளாகக் கிழக்கே மேகம் திரண்டு நிற்கிறது. இந்த மனுவை எழுதும்போதும் நான் அடிக்கடி வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

9. 30ஆம் தேதி ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்தது. ஓட்டம் நடக்கவிருப்பதால் சாலையில் இனி யார் பரப்பினாலும், கொம்பையா மீது போட்டதுபோல் வழக்குப் போடப்படும் என்று அறிவித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் பரப்பவில்லை. களத்தில் கேபிள், சாலையில் வழக்கு, வெள்ளாமை முழுவதும் புஞ்சை ஓரத்தில் அம்பாரமாகக் கிடக்கிறது. “இவ சைக்கிள் ஓட்டுததுக்கு நம்ம உளுந்து நனையணுமாம்லா” என்று குழாயடியில் என் காதுபடவே பேசுகிறார்கள். அதில் என்ன தவறு? நானாக இருந்தாலும் அப்படித்தான் பேசுவேன். இன்னும் கேவலமாகவே பேசியிருப்பேன். சனிக்கிழமை காலை என் வாசலில் ஒரு கடகப்பெட்டி நிறைய உளுந்தஞ்செடி கொட்டிக் கிடந்தது. கொட்டியது யார் என்று தெரியும். சொல்லமாட்டேன். நான் சொல்லும் பெயர் எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

10. நேற்று ஊரணிக்கரையில் அண்ணாச்சி எதிரே வந்தார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் பாதையை விட்டு ஒதுங்கி நின்று, “போங்கம்மா” என்றார். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து என்னை உரிமையோடு ஏட்டி என்று கூப்பிடுகிற மனிதர். மொட்டைத் தலையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியபோது தெருவே என்னைப் பார்த்துக் குரல் தணித்தது. அன்றும் அவர், “ஏட்டி, வெயில்ல நிக்காத, உள்ள போ” என்றுதான் சத்தம் போட்டார். அந்த வாயால் “போங்கம்மா”. புற்றுநோய் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்த அன்று நான் அழவில்லை. நேற்று அழுதேன். இதைப் புகார் மனுவில் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

ஓட்டத்திலிருந்து விலகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஆகாது. நான் விலகினாலும் வழக்கு அப்படியே இருக்கும். பத்தாம் தேதி தையல் பிரிக்கிறார்கள், ஓட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஓட்டம் அண்ணாச்சி புஞ்சையை ஒட்டித்தான் போகிறது. ஆராய்ச்சிக்கென்று நூறு கிலோமீட்டர் மிதிக்கிறவள், அவர் மேல் வழக்கை நிறுத்திவைத்துவிட்டு அந்த இடத்தை எந்த முகத்தோடு தாண்டுவாள்?

ஆகவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

அ) காயம்பட்டவள் நான். எனக்குக் கொம்பையா மீது எந்தப் புகாரும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை. பொறுப்பான அதிகாரி ஒருவர் மூலம் என் வாக்குமூலத்தை மறுபடி பெற்று, வழக்கைக் கைவிட ஆவன செய்ய வேண்டும். தவறாகக் கையெழுத்துப் போட்டதற்கு என் மீது நடவடிக்கை உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆ) அது முடியும்வரைகூடக் காத்திராமல், உளுந்தை இன்றே அவரிடம் ஒப்படைக்க வேண்டும். இன்றே இயலாதென்றால் மேலே ஒரு தார்ப்பாயாவது போட உத்தரவிட வேண்டும். தார்ப்பாய் நான் கொண்டுவந்திருக்கிறேன். தங்கள் அலுவலக வாசலில் நிற்கும் என் வீட்டுக்காரரின் வண்டியில் இருக்கிறது.

இ) களத்தில் கிடக்கும் கேபிள் உருளைகளை அகற்ற உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை ஒரு பக்கச் சாலையில் மட்டும் கல் வைத்து, சிவப்புத் துணி கட்டிப் பரப்பிக்கொள்ள அனுமதி கிடைத்தால், ஓட்டத்தன்று காலையில் ஊரே சேர்ந்து சாலையைக் கூட்டித் தருவதற்கு நான் பொறுப்பு. ஊர் என்னோடு இப்போது பேசுவதில்லை. உளுந்து திரும்பி வந்தால் பேசும்.

கடைசியாக ஒன்று. 14ஆம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி என் வாசலைத் தாண்டும்போது இனி எதுவும் கேட்கமாட்டார். ஆகையால் நானே அவர் வாசலுக்குப் போய் நின்று, நாளைக்கு எத்தனை மணிக்கு அந்தப் பக்கம் வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அன்று சோம்பலில் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். தங்கள் உத்தரவு கையில் இல்லாமல் என்னால் அந்த வாசலில் ஏற முடியாது. அதற்குள் கிடைக்கும்படி செய்யுங்கள்.

பணிவோடும், மழைக்கு முந்திய அவசரத்தோடும்,

சோ. வள்ளிமயில்
(கையொப்பம். இந்த முறை இரண்டு தடவை படித்துப் பார்த்துப் போட்டது)

இடம்: தூத்துக்குடி
நாள்: 02.02.2026

நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு, களம் தொடர்பாக, நான்காவது முறையாக.

இணைப்பு:
1. முதல் தகவல் அறிக்கையின் நகல்.
2. மருத்துவமனைச் சீட்டு.
3. புகைப்படம் ஒன்று. 22.01.2026 காலை 6.05 மணிக்குப் பயிற்சியாளர் ஹாரூன் கைபேசியில் எடுத்தது. மிதிவண்டியில் இருப்பது நான். உளுந்துக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தார் தெரிகிறதே, அது கொம்பையா அண்ணாச்சி கூட்டிவிட்ட பாதை. ஓரத்தில் விளக்குமாற்றோடு நிற்பவர் அவர்.