விண்ணப்பத்தில் என் எண்

கார்த்திகை 12, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மொட்டை மாடிக் குழாயில் இலை அடைப்பு. தண்ணீர் தேங்குகிறது. வாங்க வேண்டியவை: முட்டி மாத்திரை (நான்கு நாளுக்குத்தான் இருக்கிறது), ரவை, பேனா ரீஃபில் நீலம்.

மாடிக் குடித்தனத்துத் தனலட்சுமி படியில் நின்று கேட்டாள். “சார், ஸ்காலர்ஷிப் ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?”

பி.எட். முதலாண்டு படிக்கிறாள். வயது முப்பத்திரண்டு. இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். கணவன் செல்வராஜுக்குக் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வேலை. அரசு உதவித்தொகைக்கு அவளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தது நான். கல்லூரி ஒன்றின் உதவித்தொகைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டு உட்கார்ந்தவன் கீழ் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்.

பரிசீலனையில் இருக்கிறது என்றேன். உள்ளே வந்து என் நகல் கோப்பை மறுபடி சரிபார்த்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டச் சான்று, கட்டண ரசீது, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். எல்லாம் வரிசைப்படி. கைப்பேசி எண் என்ற கட்டத்தில் என் எண். அவள் போன் பாதி நேரம் அடுப்பு மேடையில், மீதி நேரம் மகள் கையில். முக்கியமான தகவல் தவறிவிடக் கூடாது. அதனால் அப்படி முடிவு செய்தேன்.

11.20. தெரியாத எண். ஒரு பெண். “தனலட்சுமிங்களா? உங்களுக்கு ஆறு நம்பர் ஒண்ணு வந்திருக்கும், அதச் சொல்லுங்க.” தவறான எண் என்று வைத்துவிட்டேன். 11.26. மறுபடி. வைத்தேன். 12.05. மூன்றாம் முறை. எனக்கு வங்கியில் கணக்கே இல்லை என்று சொல்லி வைத்துவிட்டு அந்த எண்ணைத் தடை செய்தேன். வந்திருந்த குறுஞ்செய்திகளையும் படிக்காமல் அழித்தேன். மகன் செந்தில் தீபாவளிக்கு வந்தபோது சொல்லிக்கொடுத்த முறை.

மாலை பெங்களூரிலிருந்து செந்தில் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னேன். “சூப்பர்ப்பா. இப்படித்தான் உஷாரா இருக்கோணும்.” அவன் என்னைப் பாராட்டி நாளாயிற்று. சற்று நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகை 13, சனி

மழை இல்லை. வானம் மூடியே. தூக்கம் அரைகுறை.

செல்வராஜ் குழாய் அடைப்பை எடுத்துக் கொடுத்தான். மாடியிலிருந்தே குரல். “ஏனுங்க சார், இந்த வாத்தியாரம்மாவுக்குக் காசு வருமுங்களா, வராதுங்களா? வரலீன்னா சொல்லிப்போடுங்க, நானும் வேலைய உட்டுப்போட்டுப் பாப்பாகூட ரெண்டாங்கிளாஸ்ல போய் உக்காந்துக்கறேன்.”

“உங்கள எந்த டீச்சருங்க சேத்துவாங்க” என்றாள் துணி உலர்த்திக்கொண்டே.

பிறகு கீழே வந்து தணிந்த குரலில் சொன்னாள். “உதவித்தொகை வரும்னு சொல்லித்தானுங்க சார் பாதி ஃபீஸ நிறுத்தி வெச்சிருக்கேன். வரலீன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்களாமா. ஒரு வருசம் போச்சுங்க. அடுத்த வருசம் இவரு படிக்க உடுவாரான்னு தெரியல.”

மதியம் ஒரு சந்தேகம். மோசடிக்காரிக்கு இவள் பெயர் எப்படித் தெரியும்?

தாளை இரண்டாக மடித்து எழுதினேன். இடப்பக்கம், மோசடி: ஆறு இலக்கம் கேட்டது, விடாமல் மூன்று முறை அழைத்தது. வலப்பக்கம், மோசடி அல்ல: பெயர். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் யாரோ “போட்டோ ஒட்டியாச்சா” என்று கேட்ட குரல்.

மோசடிக்காரர்கள் போட்டோ ஒட்டுவார்களா?

அழித்த செய்தியைத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. நாளை ஞாயிறு. கணினி மையம் திறக்காது. ரீஃபில் மறந்துவிட்டேன்.

கார்த்திகை 15, திங்கள்

நல்ல மழை. குடையோடு மையத்துக்கு. முதல் ஆளாக நின்றேன்.

“திருப்பி அனுப்பப்பட்டது. காரணம்: விண்ணப்பதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை. சரிசெய்யக் கடைசி நாள்: புதன்.”

மையத்துப் பெண் அச்செடுத்துக் கொடுத்தாள். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வழியில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். வாசகம் மாறவில்லை.

இதே வாக்கியத்தைச் சிவப்பு மையில் நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். எழுதிக் கோப்பைக் கட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். அவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மாலை தனலட்சுமி கேட்டாள். நெட் வேலை செய்யவில்லை என்றேன். பொய்.

“பரவால்லீங்க சார். நாளைக்குப் பாத்துக்கலாமுங்க.” கையில் ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பு, எனக்கு. சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். சாப்பிட்டேன்.

கார்த்திகை 16, செவ்வாய்

அவளிடம் சொல்லாமல் அவள் கல்லூரிக்குப் போனேன். மேட்டுப்பாளையம் சாலை, ஒன்றரை மணி நேரம், பாதி வழி நின்றுகொண்டு. அவள் இப்போது கல்லூரிக்கு வருவதில்லை. காரமடைப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சி. அலுவலகம் நேரில் பிடிக்க முடியாமல் போனில் கூப்பிட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

உதவித்தொகை மேசையில் ஒரு சின்னப் பெண். பெயரைச் சொன்னதும் தெரிந்துகொண்டாள். குரலை வைத்து நானும் தெரிந்துகொண்டேன்.

“மூணு தடவ கூப்பிட்டனுங்க. யாரோ பெரியவரு, எனக்கு பேங்குல கணக்கே இல்லைன்னு சொல்லிக் கட் பண்ணிப்போட்டாரு. நான் கணக்கே கேக்கலீங்க.” பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். இந்தக் கதை ஏற்கெனவே இங்கே ஓடியிருக்கிறது. “நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?”

வீட்டுச் சொந்தக்காரர் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லவும் வாய் திறந்தேன். “அந்தப் பெரியவர் நான்தானுங்க” என்று வந்துவிட்டது.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியைக் காட்டினாள். “நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அந்தப் பொண்ணே வந்து விரல் ரேகை வெக்கோணுமுங்க. உங்க போனுக்கு ஆறு நம்பர் வரும். அதையும் சொல்லோணும். சொல்லுவீங்கல்லங்க?”

வீடு வரும்போது 4.50. ஆறு மணி வரை ஒன்றும் செய்யவில்லை. மாடிப்படி பதினாறு. முதல் முறை ஒன்பதாவது படியில் திரும்பினேன். இரண்டாம் முறை செல்வராஜ் பார்த்துவிட்டான். “வாங்க சார், உள்ள வாங்க.”

எல்லாம் சொன்னேன். அழைப்பு, தடை, நேற்றைய பொய். எழுதி வைத்துக்கொண்டு போயிருந்த தாளைப் பார்த்துத்தான்.

செல்வராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். “கணக்கே இல்லைன்னீங்களாக்கும். மாசாமாசம் வாடகைய எதுல போடறனுங்க நான்?”

அவள் சிரிக்கவில்லை. நாளைதான் அவள் வகுப்பைப் பேராசிரியர் வந்து பார்க்கும் நாளாம். மதியம் இரண்டு மணி, பின்னங்கள். முடித்துவிட்டு வந்தால்தான் கல்லூரி. கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கே எம்பட நம்பரப் போடுங்கன்னு சொன்னனுங்க சார்.”

சொன்னாள். ஞாபகம் இருக்கிறது. நீ கவனிக்க மாட்டாயம்மா என்று நான் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகிறவளிடம்.

கார்த்திகை 17, புதன்

மழை விட்டு விட்டு. காலை ஏழுக்கே கிளம்பினாள். மூன்றரைக்குச் செல்வராஜ் அரை நாள் விடுப்பு போட்டு வண்டியில் கூட்டிப்போகிறான். “அங்க போயிட்டுக் கூப்பிடறனுங்க சார். போனப் பக்கத்துலயே வெச்சுக்குங்க” என்றாள். இப்போது இதை அவள் எனக்குச் சொல்கிறாள்.

போன்: சார்ஜ் முழுதும். ஒலி அதிகபட்சம். குளிக்கும்போது வாளி மேல் பலகை போட்டு அதன்மேல் வைத்தேன்.

3.05. உட்கார முடியவில்லை. அவள் தன் போனிலிருந்துதானே கூப்பிடுவாள். அலுவலகப் போனிலிருந்து கூப்பிட்டால்? அந்த எண் தடையில் இருக்கிறது. தடை செய்யத்தான் செந்தில் சொல்லிக்கொடுத்தான், எடுக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

3.20. மழையில் தெருமுனை ரீசார்ஜ் கடை. முட்டி வலி தெரியவில்லை.

“பிளாக்குல ஒரே நம்பருதானுங்க இருக்குது. எடுத்துரட்டுங்களா? ஃப்ராடு நம்பருன்னா வேண்டாமுங்க.”

“எடுத்துருங்க. அது நல்ல நம்பர்.”

4.12. அதே எண். என் விரல் சிவப்புப் பொத்தான் பக்கம்தான் முதலில் போனது. பச்சையை அழுத்தினேன்.

“சார், தனமுங்க. கிளாஸ ரெக்கார்டு பண்ணிப் போன் சார்ஜ் தீந்துபோச்சு. விரல் வெச்சுட்டேன். நம்பர் வந்துதுங்களா?”

வந்திருந்தது. ஒவ்வொரு இலக்கமாக, இரண்டு முறை வாசித்தேன். பின்னால் அந்தச் சின்னப் பெண்ணின் குரல். “கணக்கு இல்லாதவருங்களா?” இந்த முறை தனமும் சிரித்தாள்.

“இன்னொண்ணு வருமுங்க சார். எம்பட நம்பருக்கு மாத்தறனுங்க.”

அதையும் வாசித்தேன்.

4.31. கடைசிச் செய்தி. விண்ணப்பம் ஏற்கப்பட்டுப் பரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. இனி தகவல்கள் மாற்றிய எண்ணுக்கு வரும். அழிக்கவில்லை.

வகுப்பு எப்படிப் போயிற்று என்று கேட்க மறந்துவிட்டேன்.

6.10. கேட் சத்தம். செல்வராஜ் வண்டி. படியருகே போய் நிற்க வேண்டும். அவள் ஏறும்போது கேட்கலாம், வகுப்பு எப்படிப் போயிற்று என்று. உதவித்தொகை பற்றி ஏதாவது தெரிந்ததா என்று இனி நான்தான் அவளைக் கேட்க வேண்டும்.