ஏழாவது கோட்டையில் நின்ற ஆட்டம்

அண்ணே,

உன் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினேன். ஒரு கைப்பிடி ஓமப்பொடி கொட்டியது. தின்றது நீ, கூட்டி அள்ளுகிறது நான். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது, இந்த அறையில் இன்னும் ஓமமும் கடலைமாவும்தான் மணக்கிறது. கம்ப்யூட்டர் பக்கத்தில் தின்பண்டம் வைக்காதே என்று மதினி சொல்லாத நாள் உண்டா? யார் பேச்சைத்தான் நீ கேட்டாய்.

இந்தக் கம்ப்யூட்டரை மாதக் கடைசியில் உன் மகன் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போகிறான். அவனுடைய வேலைக்கு இவ்வளவு சக்தியுள்ள மெஷின் வேண்டுமாம். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத்தான் புதிதாக ஏற்றுவானாம். எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்த்துச் சொல்ல என்னைக் கேட்டிருக்கிறான். அதற்காகத்தான் அச்சன்புதூரிலிருந்து மூன்று நாளாகத் தென்காசிக்குப் பஸ் ஏறி வருகிறேன். வீட்டில் இவங்க, அறுப்பு நேரத்தில் அங்கே என்ன வேலை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ இருந்தபோதும் திட்டு வாங்கிக் கொடுத்தாய், இப்போதும் விடுவதாக இல்லை.

நீ ரிட்டயர் ஆன கையோடு இதை வாங்கிக்கொண்டு வந்து இறக்கிய நாள் நினைவிருக்கிறது. கண்ணாடிப் பக்கம், உள்ளே நாலைந்து ஃபேன், கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி கலர் கலராக வெளிச்சம். இது எதற்கு என்று கேட்டால், குற்றாலத்தில் நாம் வைத்திருந்த வீடியோ கேமை இதில் ஓட்டப் போகிறேன் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மெஷினுக்கு இருந்த மூளையைவிட இன்றைக்கு என் வாஷிங் மெஷினுக்கு மூளை அதிகம். அதை ஓட்ட இந்த ராட்சசன் எதற்கு? அதற்கு நீ சொன்னது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

"சும்மா அந்த மாதிரிப் படம் காட்டணும்னா செல்போன் போதும்ட்டி. அந்த மெஷினாவே நடந்துக்கிடணும்னா, அதுல இருந்த ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு நொடியும் என்ன செஞ்சுதுன்னு இது விடாமப் பாத்துக்கிட்டே இருக்கணும். தன் வேலையோட இன்னொருத்தன் வேலையையும் சேத்துச் செய்யணும்னா தெம்பு வேண்டாமா?"

அந்த மெஷினைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. ஐந்தருவி ரோட்டில் தகரக் கொட்டகை. சீசன் இரண்டு மாதமும் ஆறு மெஷின் ஓடும், அதில் கூட்டம் மொய்ப்பது ஒன்றில்தான். குதிரைக்காரன் ஒருத்தன் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு போகிற ஆட்டம். அருவிக்குப் போகும் முன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள், எண்ணெய் ஊறட்டும் என்று நேரே நம் கொட்டகைக்குள் வந்து நிற்பார்கள். ஜாய்ஸ்டிக்கெல்லாம் வழுவழுவென்று ஆகிவிடும். ஒவ்வொருத்தர் கையிலும் நீ சீயக்காய்ப் பொடியைக் கொட்டித் தேய்க்கச் சொல்லுவாய். கேரளத்திலிருந்து வந்தவர்கள் இது என்ன சடங்கு என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

மத்தியானம் நான் சோற்று வாளியோடு வருவேன். எல்லாரும் அருவியில் நிற்கிற நேரம், கொட்டகை காலியாக இருக்கும். நீ சாப்பிட்டு முடிக்கிற வரை அந்த ஆட்டம் என்னுடையது. அப்படியே ஆடி ஆடி ஒருநாள் ஏழாவது கோட்டையைப் பிடித்தேன். கதவு பாதி திறந்தது. குதிரை முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது. ஒரே ஸ்வரம் நீளமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஒன்றும் அசையவில்லை. நீ சோற்றுக் கையோடு எழுந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, "முடிச்சிட்டியேட்டி" என்றாய்.

கரண்டு போனால் அந்த மெஷினில் யார் ஸ்கோரும் தங்காது. குற்றாலத்தில் கரண்டு எப்போதுதான் நிலையாக இருந்தது? அதனால் ஆட்டத்தை முடித்தவர் பேரைப் பெட்டியின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதுவது என்று நீ ஒரு வழக்கம் வைத்தாய். பொம்பளைப் பிள்ளை பேரை ஊரான் பார்க்க எழுதுவாயா என்று அப்பா கத்துவார்கள் என்பதால், என் பேருக்குப் பதில் 'ஆச்சி' என்று எழுதினாய். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் ஆடினார்கள், ஆறைத் தாண்டியவர் ஒருத்தரும் இல்லை. யார் இந்த ஆச்சி என்று கேட்டுக்கேட்டு மாய்ந்தார்கள். எந்தப் பரீட்சையிலும் நான் முதலாவதாக வந்ததில்லை. அதற்குப் பின்னால் கல்யாணம், வயல், தென்னை, பிள்ளைகள் என்று போய்விட்டது. நான் முதலாவதாக நின்றது அந்த ஓர் இடத்தில்தான். அது உனக்கும் தெரியும், அதனால்தான் இத்தனை வம்பு.

ரிட்டயர் ஆன பிறகு மூன்று வருடம், வியாழக்கிழமை தவறாமல் வந்தேன். பழைய மெஷின் மாதிரியே நடிக்கிற எமுலேட்டரோ என்னவோ ஒன்றைப் போட்டு ஆட்டத்தை ஓட வைத்துவிட்டாய். அதே குதிரை, அதே கோட்டை. ஆனால் ஆறாவதைத் தாண்டவிட மாட்டாய். ஆறு முடிகிற நேரம் பார்த்துப் பின்னால் நின்று கையை நீட்டி நிறுத்துவாய். கேட்டால் சவுண்டு சரியில்லை என்பாய், கலர் சரியில்லை என்பாய், வேகம் ஒரு நூல் கூடுதல் என்பாய். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. ஒருநாள் கோபத்தில் ஜாய்ஸ்டிக்கை மேஜையில் போட்டுவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வந்தால், நீ மறுபடியும் சவுண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாய்.

முந்தாநாள் தடுக்க ஆளில்லை. ஆடினேன். ஏழாவது கோட்டையைப் பிடித்தேன். கதவு முழுசாகத் திறந்தது. குதிரை உள்ளே போனது. எட்டாவது கோட்டை வந்தது.

மொத்தம் பன்னிரண்டு கோட்டை என்று உன் மகன் போனில் தேடிப் பார்த்துச் சொன்னான். அன்றைக்கு நான் எதையும் முடிக்கவில்லை. சூட்டிலோ ஈரத்திலோ ஏதோ ஒரு சில்லு படுத்துக்கொண்டு மெஷின் நின்றிருக்கிறது. ரிப்பேரானதைப் பார்த்து ஜெயித்ததாக நினைத்துக்கொண்ட இரண்டு முட்டாள்கள் நாம். சரி, அன்றைக்கு உனக்கும் தெரியாது. ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால், இதை முதலில் ஓட்டிப் பார்த்த அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் மறைத்திருக்கிறாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்விட்சை அணைத்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நேற்று வந்து மறுபடி தேடினேன். 'ஆச்சி' என்று தனியாக ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே அதே ஆட்டம், நீ கை வைத்து மாற்றியது. கூடவே ஒரு குறிப்பு, தேதி இல்லாமல் வரி வரியாக.

"இன்னைக்கு ஆறுலயே நின்னுட்டு. சரியில்லை."

"கதவு பாதிதான் திறக்கணும். முழுசாத் திறக்கு."

"நின்னுது, ஆனா சத்தம் வரலை. அந்த ஒத்தை ஸ்வரம் வேணும்."

"நிக்கவே இல்லை, எட்டுக்குப் போயிட்டு. வியாழக்கிழமைக்குள்ள முடியாது. சவுண்டு கெட்டுட்டுன்னு சொல்லிக்கிடுவோம்."

இப்படி எழுபது எண்பது வரி. இவ்வளவு சக்தி உள்ள மெஷினை வாங்கிவைத்து, மூன்று வருடமாக அதைக் கெட்டுப்போகச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறாய். நம் மெஷின் அன்றைக்கு நின்ற அதே இடத்தில், அதே மாதிரி நிற்க வேண்டும் என்று. அதுவும் உனக்குக் கைகூடவில்லை. பத்துத் தடவை போட்டுப் பார்த்தேன், கண்ட இடத்தில் நின்றது, ஒரு தடவைகூட ஏழில் நிற்கவில்லை.

படித்து முடித்து அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆத்திரம் தீரவில்லை, அண்ணே. நீ போனதைத் தாங்கியிருக்கிறேன். ஒரு விளையாட்டில் ஜெயிக்கவில்லை என்றால் தாங்க மாட்டேனா? என்னை என்னவென்று நினைத்தாய்? நீ எதிரில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அரைமணி நேரம் திட்டியிருப்பேன். அதற்குப் பிறகு சிரித்திருப்பேன்.

இன்று உன் மகனைக் கூப்பிட்டு இரண்டையும் எடுத்து வைக்கச் சொன்னேன். நல்லா ஓடுறது ஒன்று இருக்கும்போது ஓடாததை எதற்கு அத்தை என்று கேட்டான்.

"ஓடுறத எவனோ செஞ்சான் மக்கா. ஓடாததுதாம்லே உங்கப்பா செஞ்சது" என்றேன். அவன், துடைக்க மாட்டேன், வேறு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

எட்டாவது கோட்டையில் முப்பது தடவைக்கு மேல் செத்துவிட்டேன். இந்த ஆட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடவும் வழி இருக்கிறது. குற்றாலத்தில் நாம் ஒருநாளும் சேர்ந்து ஆடியதில்லை, நான் ஆடினால் நீ சாப்பிடுவாய், நீ எழுந்தால் நான் கிளம்பிவிடுவேன். இங்கே நூற்றைம்பது வியாழக்கிழமை நமக்கு இருந்தது. ஐந்து கோட்டை பாக்கி இருந்தது. நான் தோற்றுவிடுவேன் என்று பயந்து, அத்தனை வியாழக்கிழமையும் எனக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்துவிட்டாயே.