உங்களுக்குப் பட்ட கடன்

என் அன்பு வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மண்ணுக்குக் கீழே நீங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே, நிம்மதியில்லாத ஒரு செய்தியை எழுதுகிறேன்.

யுத்தத்தில் இழந்தவற்றுக்கு நட்டஈடு கேட்பவர்களை நாளை புத்தளத்தில் விசாரிக்கிறார்கள். துப்பாக்கி முனையில் இயக்கம் நம்மை விரட்டியபோது மன்னாரில் நாம் விட்டுவந்த வீட்டுக்கும் உங்கள் வள்ளத்துக்கும் நான் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து தம்பி நியாஸ் எனக்கு முகம் கொடுப்பதில்லை.

இன்றைக்கு மட்டும் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றே கேட்டான்.

"ராத்தா, ஆருட்டக் கேக்கப் போறீங்க? துவக்கக் காட்டி எழுப்பினவன் செத்துப் போனான்."

"அரசாங்கத்திட்ட."

"அரசாங்கமா எங்கள எழுப்பின?"

"காப்பாத்த வேண்டியது ஆரு? காப்பாத்தினாங்களா?"

"நல்லாப் படிச்சிருக்கீங்க, பேப்பருக்கு எழுதுங்க. காசை வாங்கினா வாப்பா மஆப் பண்ணிட்டார், எல்லாத்தையும் மன்னிச்சிட்டார் எண்டுதான் எழுதிக்குவாங்க. அவர் உங்களிட்ட அப்பிடிச் சொன்னாரா? நாளைக்கு நீங்க போனா நமக்குள்ள கதையில்ல."

நீங்கள் எதுவும் சொல்லவில்லை, வாப்பா. கற்பிட்டியில் வந்து இறங்கிய நாளிலிருந்து, நுரைச்சோலை மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்ற காலமெல்லாம், அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது மன்னிப்பா? வெறுப்பா? வெறும் களைப்பா?

அவன் போன பிறகு உங்களை அடக்கிய ஜனாஸா நாள் நினைவுக்கு வந்தது. உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்குமுன் முற்றத்தில் நின்று, வழக்கப்படி அவன்தான் சொன்னான்: "வாப்பா ஆருக்காவது கடன்பட்டிருந்தா என்னட்டக் கேளுங்க, நான் பொறுப்பு." உள்ளே பெண்களோடு இருந்த எனக்கும் கேட்டது. அந்தக் கடனைப் பட்டபோது நான் பிறக்கவேயில்லை என்று எந்த மகனும் அந்த இடத்தில் சொல்வதில்லை.

நாடுகள் அதைத்தான் சொல்கின்றன. அது பழைய அரசாங்கம், பழைய தலைமுறை என்கின்றன. கொடியையும் துறைமுகத்தையும் வாரிசாக எடுத்துக்கொள்கிறவர்களுக்குக் கடன் மட்டும் எப்படி அந்நியமாகிறது?

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. மன்னாரில் உங்களோடு வலை இழுத்த சவிரி மாமா பஸ் ஏறி வந்திருந்தார். நம் வழக்கம் கிறிஸ்தவரான அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்குள்ளிருந்து கையை உயர்த்தினார்.

"தம்பி, அவர் எனக்குத் தரவேண்டியது ஒண்டுமில்ல. எங்கட ஊர்தான் அவருக்குக் கடன். அதை ஆரிட்டக் குடுக்கிறது?"

"அண்ணே, இது வாங்க வந்த ஆக்களுக்கான கதை. நீங்க கொஞ்சம் பொறுங்க," என்று யாரோ சிரித்தார்கள். சவிரி மாமா சிரிக்கவில்லை. நியாஸ் தலையைக் குனிந்துகொண்டான். உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மனிதர் தன் மகளை யுத்தத்தில் பீரங்கி ஷெல்லுக்குக் கொடுத்தவர். அவரும் ஏதோ ஒரு மேசைக்கு முன்னால் இதே கேள்வியோடு நிற்கிறார். நமக்காகக் கேட்கிற நான் அவருக்குக் கிடைக்கவேண்டியதை மறந்தால், நான் கேட்பது நியாயம் ஆகுமா?

நியாஸ் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. காசைக் கையில் வைத்து வாயை மூடிவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் மஆப் உங்களுடையது. அதை நீங்கள் யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. விற்க என்னிடம் இல்லை. நான் கேட்பது கடனை மட்டும்.

ஆனால் தம்பி? இதற்காக அவனை இழந்தால், அந்த நட்டத்தை யாரிடம் போய்க் கேட்பது, வாப்பா?

தெரியவில்லை. ஆனாலும் போகிறேன். நம்மைக் காப்பாற்றாமல் விட்டது அநியாயம் என்று முதலில் அவர்கள் வாயால் சொல்லட்டும், தொகையைப் பிறகு கதைப்போம் என்பேன். அதைச் சொல்லாமல் நீட்டும் எதையும் தொடமாட்டேன். சவிரி மாமாவின் மகளைப் பற்றியும் அங்கே சொல்வேன். திரும்பும் வழியில், கதவைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், நியாஸ் வீட்டு வாசலில் இறங்குவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
இன்னமும் நியாஸின் ராத்தா